பாட்டியோடு வாதாடவும் ஒரு மொழி வேண்டும்

கேள்வி:

மதுரை மகால் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவள் நான். கணவர் மேலூர்க்காரர், தமிழ் பேசும் குடும்பம். விரும்பித் திருமணம் செய்துகொண்டோம். இப்போது வில்லாபுரத்தில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு இரண்டே கால். நான் வேலைக்குப் போவதால் பகலில் என் அம்மாதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அவர் சௌராஷ்டிரத்தில்தான் பேசுவார். நானும் பிள்ளைகளிடம் முடிந்தவரை அதில் பேசுகிறேன்.

மகன் இன்னும் சரியாகப் பேசவில்லை. "பத்து வார்த்தைகூட வரவில்லை. வீட்டில் இரண்டு பாஷை பேசிக் குழப்புகிறீர்கள், அந்தப் பாஷையை நிறுத்துங்கள்" என்று அவன் போகும் மழலையர் பள்ளியில் சொல்கிறார்கள். மகளோ, "எழுத்தே இல்லாத பாஷை எனக்கு எதற்கு? பள்ளிக்கூட வாசலில் என்னிடம் அதில் பேசாதே" என்கிறாள்.

இவற்றைவிடப் பெரிய குழப்பம் எனக்குள்ளேயே இருக்கிறது. நான் வளர்ந்த வீட்டில் மாதத்தில் மூன்று நாள் பின்கட்டில் தனிப் பாய், தனித் தட்டு. எனக்குப் பாட்டும் கதையும் சொல்லி வளர்த்தது, இளம் வயதிலேயே கணவரை இழந்த என் சித்தி. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே சொல்வார். என் திருமணத்தில் அவரை மணமேடைப் பக்கம் வரவிடவில்லை. அன்று நானும் வாய் திறக்கவில்லை.

"உனக்கே பிடிக்காததைப் பிள்ளைகள் தலையில் ஏன் கட்டுகிறாய்?" என்கிறார் கணவர். "ஆசாரம் வேண்டாம், பாஷை மட்டும் வேண்டும் என்றால் எப்படி? இரண்டும் ஒன்றுதான்" என்கிறார் அம்மா. மகள் பெரியவளாக இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன. பாதியை மறைத்துவிட்டுப் பாதியைக் கொடுப்பது ஏமாற்று வேலையா? பேசாமல் தமிழோடு நிறுத்திவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பேச்சு, மொழிப் பயிற்சியாளரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

மகனிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை ஒரு மாதம் காத்திருந்தாலும் கெட்டுப்போகாது. அவன் காது காத்திருக்கக் கூடாது.

இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் குழந்தையின் பேச்சு தாமதமாவதில்லை. மூன்று மொழிகளானாலும் அப்படித்தான். இந்தத் தொழிலில் பல ஆண்டுகளாக, உங்களைப் போன்ற பெற்றோரிடம் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். ஒரு வாக்கியத்தில் பாதி தமிழும் பாதி சௌராஷ்டிரமுமாகப் பேசினால் அதுவும் குழப்பம் ஆகாது. கையில் கிடைத்த சொல்லை எடுத்து வேலையை முடித்துக்கொள்கிறது குழந்தை, அவ்வளவுதான். உண்மையான மொழிக் குறைபாடு இருந்தால் அது குழந்தை கேட்கும் எல்லா மொழிகளிலும் தெரியும். பாட்டியிடம் தாராளமாகப் பேசிவிட்டுப் பள்ளியில் மட்டும் வாய் மூடியிருக்கிற குழந்தை, தமிழைக் கேட்ட நேரம் குறைவு என்றுதான் பெரும்பாலும் பொருள்.

ஆனால் பள்ளியில் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். காரணத்தைத் தவறாகச் சொன்னார்களே தவிர, கவனித்ததில் ஏதாவது இருக்கலாம். இரண்டு வயது முடிந்த குழந்தையிடம் ஏறத்தாழ ஐம்பது சொற்களாவது இருக்க வேண்டும், இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் மகனிடம் பத்துச் சொல்தான் என்று எண்ணியவர் யார்? தமிழ் மட்டும் தெரிந்த ஆசிரியை எண்ணியிருந்தால், அவன் சொன்ன சௌராஷ்டிரச் சொற்கள் அவர் காதில் மழலைச் சத்தமாகத்தான் விழுந்திருக்கும். நீங்களும் உங்கள் அம்மாவும் ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதுங்கள். அவன் தன் முனைப்பில் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் எழுத வேண்டும். தண்ணீரைப் பாட்டியிடம் "பாணி" என்றும் அப்பாவிடம் "தண்ணி" என்றும் கேட்டால் அவை இரண்டு சொற்கள். பாதிதான் வந்தது, உச்சரிப்பு சரியில்லை என்று எதையும் அடிக்காதீர்கள். எப்போதும் ஒரே பொருளுக்கு ஒரே மாதிரி சொன்னால் அது சொல்தான்.

பட்டியல் எவ்வளவு நீளமாக வந்தாலும், அதற்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே காதைப் பரிசோதியுங்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தாலே காது கேட்பது மங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். குழந்தை தூங்கும்போது, ஒலிக்கு மூளை காட்டும் பதிலை அளக்கும் 'பெரா' பரிசோதனை என்று சொன்னால் பயப்பட வேண்டாம், வலி எதுவும் இல்லை. வீட்டிலும் ஒன்று செய்து பார்க்கலாம். கையையும் கண்ணையும் காட்டாமல், வாயால் மட்டும் "உன் செருப்பை எடுத்து வா" என்று பாட்டி அவர் மொழியில் சொல்லட்டும். எடுத்து வருகிறானா என்று பாருங்கள். புரிந்துகொள்கிற குழந்தையைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. புரிவதும் குறைவாக இருந்தாலோ, முன்பு சொன்ன சொற்களை இப்போது விட்டுவிட்டாலோ, ஒரு நாளும் தள்ளாமல் நேரில் யாரிடமாவது காட்டுங்கள்.

ஒன்றை யோசியுங்கள். அந்தப் பாஷையை நிறுத்தினால் நிற்பது எது? பகல் முழுதும் அவனோடு பேசுகிறவர் உங்கள் அம்மா. அவர் தனக்குச் சரளமாக வராத தமிழுக்கு மாறினால் பேச்சே குறைந்துபோகும். "சாப்பிடு, வா, தூங்கு" என்று முடிந்துவிடும். பேச்சு தாமதமான குழந்தையிடமிருந்து, அவனோடு அதிகம் பேசுகிற ஆளைப் பறிப்பது எந்த வைத்தியத்தில் சேர்த்தி?

தமிழ் கெட்டுவிடுமோ என்ற பயம் வீட்டில் யாருக்காவது இருந்தால், 1922-இல் இதே மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த டி.எம்.சௌந்தரராஜனை நினைவூட்டுங்கள். தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் இப்படித்தான் உச்சரிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே காதில் போட்டவர் அவர். தமிழ்ப் புனைகதைக்காக 1993-இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற எம்.வி.வெங்கட்ராம், கும்பகோணத்துச் சௌராஷ்டிரர். சரி, மகன் விஷயம் இத்தோடு போதும்.

உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். இதில் நான் நடுநிலையான ஆள் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் வீட்டு மொழி தெலுங்கு. திருமங்கலம் பக்கம் கரிசல் காட்டு ஊர் ஒன்றில், பல தலைமுறைக்கு முன் வந்து உட்கார்ந்த குடும்பம். என்னை வளர்த்தது அவ்வா, அதாவது பாட்டி. அவர் பேசியதெல்லாம் எனக்குப் புரியும். நான் பதில் சொன்னதெல்லாம் தமிழில். எங்கள் துறையில் இப்படிப்பட்டவர்களைக் கேட்பு நிலை இருமொழியாளர் என்போம். கேட்டால் புரியும், வாயில் வராது என்று ஊரில் சொல்வதும் அதைத்தான். பெரியார் பஸ் நிலையத்தில் அவ்வா என்னைத் தெலுங்கில் கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார் என்பதுபோல் நான் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதும் உண்டு. உங்கள் மகள் பள்ளிக்கூட வாசலில் செய்வதைக் கேட்டு எனக்குக் கோபம் வராததற்கு அதுதான் காரணம்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும். பருத்தி எடுக்க வந்த பெண் ஒருத்தி வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டாள். அவ்வா செம்பைத் தூக்கிப் பிடித்து, அவள் குவித்த கைகளில் ஊற்றினார். செம்பு அவள் கையில் படக் கூடாது. அந்த ஆண்டு பள்ளியில் நிறையப் படித்திருந்தேன். "அவ்வா, நீங்கள் செய்வது தப்பு" என்று தொடங்கி, தீண்டாமை, அரசியல் சட்டம் என்று தமிழில் பொரிந்து தள்ளினேன். அவ்வா சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம், பேரன் பள்ளிக்கூடப் பேச்சு பேசுகிறான் என்று பெருமையாகச் சொன்னார். நான் திட்டியதாகவே அவருக்குப் படவில்லை. ரேடியோவில் யாரோ பேசிவிட்டுப் போனதுபோல் இருந்திருக்கும். அவர் மொழியில் எனக்கு வாயில் வந்தது அன்னம், நீள்ளு (தண்ணீர்), ரா (வா), போ. அந்த நான்கு சொற்களை வைத்துக்கொண்டு யாரிடம் நியாயம் கேட்பது?

அவ்வா இறந்து முப்பது ஆண்டுகளாகின்றன. அந்தச் செம்பு விஷயம் எங்களுக்குள் பேசி முடிக்கப்படாமலே போய்விட்டது. மொழியை விட்டதால் நான் அந்த வழக்கத்திலிருந்து தப்பித்தேன் என்று சிலர் சொல்லலாம். தப்பித்தேன்தான். ஆனால் அது அவ்வா வீட்டில் ஒரு அங்குலமும் நகரவில்லை.

அதனால் உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பது எந்தச் சௌராஷ்டிரம்? வீட்டு மொழியைக் காப்பாற்ற முயலும் பெற்றோர் பலர், தங்களை அறியாமலே, ஏவல் மொழியை மட்டும்தான் கொடுக்கிறார்கள். உட்கார், குளி, கதவைச் சாத்து, பாட்டிக்கு நமஸ்காரம் செய். விவாதம், கணக்கு, செய்தி, சந்தேகம், கோபம் எல்லாவற்றுக்கும் தமிழோ ஆங்கிலமோ வந்துவிடும். அப்படி வளர்ந்த குழந்தைக்கு அந்த மொழி கீழ்ப்படிவதற்கான மொழியாக மட்டும் மனதில் பதியும். பத்து வயதில் அதை உதறுவது இயல்புதானே? உங்கள் மகளுக்கு "ஏன்?" என்ற சொல்லைச் சௌராஷ்டிரத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா? "எனக்கு வேண்டாம்", "நீங்கள் சொல்வது சரியில்லை, பாட்டி" என்பவற்றை? அவளுக்குத் தெரியாதென்றால், அங்கிருந்து தொடங்குங்கள். பண்டிகைப் பாட்டெல்லாம் பிறகு.

உங்கள் கணவர் கேட்டதற்கு வருகிறேன். நியாயமான மனிதர் என்று கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் நேராகச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் அவர் வளர்ந்த தெருவில் அவருக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்றுமே இல்லையா? தமிழில் சாதிப் பெயர் சொல்லும் வசவுகள் இல்லையா? பேரையூர் பக்கம் சில கிராமங்களில், மாதவிலக்கான பெண்கள் தங்குவதற்கென்று ஊருக்குப் பொதுவாக 'முட்டுத்துறை' என்ற தனி வீடே இருக்கிறது. அங்கே பேசுகிற மொழி தமிழ்தான். அதைப் படித்துவிட்டு எந்தத் தகப்பனாவது, "இந்தப் பாஷையைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?" என்று கேட்டதுண்டா? பெரிய மொழிக்கு அந்தக் கேள்வி வருவதில்லை. கோடிப் பேர் பேசும்போது, அதில் நல்லதும் இருக்கும் கெட்டதும் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி சௌராஷ்டிரம் என்று எழுதிக்கொண்டவர்கள் நாடு முழுவதும் சுமார் 2,47,000 பேர். இவ்வளவு சிறிய மொழி என்றவுடன், அது பேசும் ஒவ்வொரு வீட்டின் பின்கட்டுக்கும் மொழியே ஜவாப்தாரி ஆகிவிடுகிறது. இது அநியாயம் என்பது என் கட்சி.

அவரை வெளியே நிறுத்தாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் நீங்களும் அம்மாவும் சௌராஷ்டிரத்தில் பேசிச் சிரிக்க, அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த மொழி மேல் அவருக்கு எரிச்சல் வராமல் வேறென்ன வரும்? மகள் அவருக்கு ஆசிரியை ஆகட்டும், நாளைக்கு ஒரு சொல். அப்பா தப்புத் தப்பாகச் சொல்வதைத் திருத்துவதில் எட்டு வயதுப் பெண்ணுக்குக் கிடைக்கும் ஆனந்தத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் வாதம்தான் கடினமானது. "இரண்டும் ஒன்றுதான்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. உறவுமுறைப் பெயர்கள் மொழியோடு வரும், அவற்றோடு யார் யாருக்கு முன்னால் உட்காரலாம் என்பதும் வரும். முள்முருங்கை வடையின் ருசி வரும், அது எந்த நாளில் யார் கையால் என்பதும் வரும். சல்லடை போட்டுச் சலித்து, மொழியை மட்டும் தனியாக எடுத்துக் கொடுப்பது நடக்காத காரியம். அப்படிச் செய்து பார்த்த வீடுகளில் மிஞ்சுவது எண்ணும் நிறமும் பழப் பெயரும்தான். மகள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவாள்.

ஆனால் அம்மா ஆசாரம் என்று சொல்வது தொடக்கம் முதல் கேள்வி கேட்காமல் வந்தது என்று நினைத்தால், அவர் தன் சமூகத்தின் கதையையே மறந்துவிட்டார். சௌராஷ்டிர நெசவாளர்கள் வேதச் சடங்கு செய்யலாமா என்று வழக்கு எழுந்து, உபாகர்மம் என்ற பூணூல் மாற்றும் சடங்கு செய்த பதினெட்டுப் பேர் கைதானபோது, ராணி மங்கம்மாள் அவையில் அறிஞர்களைக் கூட்டி விசாரித்து அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அவர் ஆட்சி 1689 முதல் 1706 வரை. இன்று 'நம் ஆசாரம்' என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதியாவது வாதாடி வாங்கியது. (அந்த வழக்கில் பெண்கள் தரப்பு என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை, தீர்ப்புச் சொன்னவர் பெண் என்பதைத் தவிர.) இன்னும் பின்னால் போனால், சௌராஷ்டிரர் பலர் தங்கள் முன்னோரைப் பற்றியது என்று நம்பும் மந்தசோர் கல்வெட்டு இருக்கிறது. லாட நாட்டிலிருந்து (இன்றைய தென் குஜராத்) தசபுரத்துக்கு (இன்றைய மந்தசோர்) வந்த பட்டு நெசவாளர்கள் 436-ஐ ஒட்டிச் சூரியன் கோயில் எழுப்பியதையும், 473-இல் அதைப் புதுப்பித்ததையும் அது சொல்கிறது. வந்தவர்களில் சிலர் நெசவை விட்டுவிட்டு வில்வித்தைக்கும் சோதிடத்துக்கும் போய்விட்டார்கள் என்றும் அதில் இருக்கிறது. அன்றைக்கும் எந்தப் பாட்டியாவது தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அம்மா பக்தியுள்ளவர் என்று நினைக்கிறேன். அழகர் கோயில் சாலையில் காதக்கிணற்றுக்கு எப்போதாவது போயிருப்பார். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) அடங்கிய இடம். பரமக்குடியில் யோகம் பயின்று, பிறகு மனம் மாறி ஆழ்வார்திருநகரி சென்று வைணவரானவர் அவர். ஆணாகப் பிறந்தவர் இறைவனின் நாயகியாகத் தன்னைப் பாவித்து, அந்தக் கோலத்திலேயே சௌராஷ்டிரத்தில் பாடித் திரிந்தார். வழக்கத்தை மீறிய மனிதரை வணங்க முடிகிற அம்மாவால், பேத்தி தட்டு மாற்றாமல் சாப்பிடுவதைப் பொறுக்க முடியாமலா போய்விடும்? இந்தக் கேள்வியை மருமகனோ நானோ கேட்டால் வேலைக்கு ஆகாது. அவர் மொழியில், அவர் மகள் கேட்க வேண்டும்.

அதைப் பிள்ளைகள் முன்னாலேயே கேளுங்கள். இந்த இடத்தில் பெற்றோர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பெரியவர்கள் வாக்குவாதம் பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்று. கத்தலும் ஏச்சும் விழக் கூடாதுதான். ஆனால் இரண்டு பெரியவர்கள் மரியாதை குறையாமல், ஒரு விஷயத்தில் ஒத்துப்போகாமல், அதே பேச்சில் "இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா?" என்றும் கேட்டுக்கொள்வதைப் பார்க்கும் குழந்தை, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாததைக் கற்கிறது. அந்த மொழியில் மறுத்துப் பேசலாம், பேசினாலும் உறவு அறுந்துபோகாது என்று கற்கிறது. வழக்கமாக என்ன செய்கிறோம்? சண்டைக்குத் தமிழுக்கு மாறிவிடுகிறோம். இல்லையென்றால் பிள்ளைகளுக்குப் புரியக் கூடாது என்று சௌராஷ்டிரத்துக்கு மாறுகிறோம். இரண்டாவது இன்னும் மோசம். அந்த மொழி தன்னை வெளியே தள்ளிக் கதவடைப்பதற்கானது என்று குழந்தை புரிந்துகொள்ளும்.

நீங்கள் மறுக்கும் வழக்கங்களில் எதையாவது மகள் நாளை விரும்பிச் செய்தால்? நீங்கள் விட்டுவிட்ட விரதத்தை அவள் பாட்டியோடு சேர்ந்து பிடித்தால்? செய்யட்டும். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தால் அது உங்கள் பக்கமும் திரும்பும். அதில் எனக்கு வருத்தமில்லை, உங்களுக்கும் இருக்காது என்று நம்புகிறேன்.

ஒன்றில் மட்டும் பேச்சுவார்த்தைக்கு இடம் கொடுக்காதீர்கள். தனிப் பாயும் தனித் தட்டும் உங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது. மகளுக்கு ஒன்பது, பத்து வயதிலேயே உடலில் நடக்கப்போவதைச் சொல்லிவிடுங்கள். அதைச் சௌராஷ்டிரத்திலேயே சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. அந்த மொழியில் அதற்கு அவள் முதலில் கேட்கும் சொல் 'தீட்டு' என்ற பொருளில் வரக் கூடாது. இப்போதே அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவைத்தால், அந்த நாள் வரும்போது வீடு போர்க்களமாகாது. நான்கு ஆண்டு அவகாசம் இருக்கிறது. வயதானவர்கள் மனம் மாற அது குறைவான காலம் இல்லை.

மகளின் "எழுத்தே இல்லாத பாஷை" என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சுலபம், ஏனென்றால் அது தவறு. சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டி.எம்.ராமராய் அதற்கு அச்செழுத்து வார்த்துப் பாடநூல்கள் வெளியிட்டார். 2008-இல் கணினி எழுத்துகளுக்கான உலகப் பொதுத் தரமான யூனிகோட் அதை ஏற்றது, இப்போது கைபேசியிலும் எழுதலாம். ம, ன, ர, ல ஆகியவற்றோடு மூச்சுக்காற்று கலந்து வரும் ஒலிகள் உங்கள் மொழியில் உண்டு. அவற்றைக் குறிக்கவே 'ஹாரு' என்று ஒரு தனிக் குறி. தமிழில் அதற்கு எழுத்தில்லை. எட்டு வயது என்பது ரகசிய எழுத்தில் ஆசை பிறக்கும் வயது. வகுப்பில் வேறு யாராலும் படிக்க முடியாத எழுத்தில் அவள் பெயரை எழுதிக் காட்டுங்கள், போதும். பாடமாக்கி, தேர்வு வைத்து, அதையும் ஒரு டியூஷன் ஆக்கிவிடாதீர்கள். எழுத்து வேண்டாம் என்றால் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். உங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

வாசலில் பேசாதே என்றால் வாசலில் பேசாதீர்கள். அவளுக்கு அது அவமானமாக இருக்கிறது, அந்த அவமானத்தை வாதாடிப் போக்க முடியாது. வீட்டுப் படியேறியதும் உங்கள் மொழிக்கு மாறிக்கொள்ளுங்கள். அவள் தமிழில் பதில் சொன்னால் தடுக்காதீர்கள், நீங்கள் மட்டும் மாறாமல் தொடருங்கள். அவளுக்குக் கட்டாயமாக வேண்டியது, அந்த மொழியைப் பேசும் இன்னொரு குழந்தை. மகால் பக்கம் அண்ணன், அக்கா பிள்ளைகள் இருப்பார்களே. முன்பு தெருவே தறிச் சத்தமாக இருந்த காலத்தில் இதை யாரும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கவில்லை. பாவு போடவும் நூல் இழைக்கவும் வீட்டில் எல்லாக் கையும் வேண்டும், எல்லாக் கையும் ஒரே மொழியில் பேசின. இன்று வில்லாபுரம் அடுக்ககத்தில் அந்தத் தெருவை நீங்கள் வாரத்துக்கு ஒரு நாளாவது உண்டாக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு நாள் எங்கே என்று கேட்டால், சித்தி வீட்டில் என்பேன். கடிதத்தில் சித்தியைப் பற்றி நான்கு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கடிதம் முழுக்க அவர்தான் இருக்கிறார். உங்கள் மொழி உங்களுக்கு வந்தது, ஆசாரம் ஓரத்தில் நிறுத்திவைத்த ஒரு பெண்ணிடமிருந்து. "இரண்டும் ஒன்றுதான்" என்று அம்மா அடுத்த முறை சொன்னால், சித்தியைச் சுட்டிக்காட்டுங்கள். சித்தி இன்னும் முடிச்சுப் போடுகிறாரா? 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தாலும், கடையில் இன்று சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சு. கையால் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். கைக்கு வேலை இருக்கும்போது குழந்தைகள் தானாகப் பேசுவார்கள். எங்கள் பயிற்சி அறையிலும் நான் எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பதில்லை, ஏதாவது கோக்கக் கொடுப்பேன்.

அப்படி உட்கார்ந்திருக்கும் ஒரு நாளில் மகள் கேட்பாள், அம்மாவின் கல்யாணப் போட்டோவில் சின்னப் பாட்டி ஏன் ஓரத்தில் நிற்கிறார் என்று. மழுப்பாதீர்கள். நடந்ததையும், நீங்கள் அன்று வாய் திறக்காததையும் சேர்த்தே சொல்லுங்கள், சித்தி இருக்கும்போதே, சித்தியின் மொழியிலேயே. அந்தச் சொற்களுக்காக நீங்கள் தடுமாறினால் அவரே எடுத்துக்கொடுப்பார். மகனின் மூன்றாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது மாதங்கள் இருக்கின்றன. அன்று விளக்கேற்றச் சித்தியைக் கூப்பிடுங்கள், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. அம்மா முகம் சுளிக்கலாம். வரமாட்டேன் என்று சொல்லக்கூடியவர் சித்தியாகக்கூட இருக்கலாம், இத்தனை ஆண்டு ஒதுங்கிப் பழகியவர். இழுத்துக்கொண்டு வராதீர்கள், அடுத்த ஆண்டும் கூப்பிடுங்கள்.

பரிசோதனை முடிவு வந்ததும் மகனின் சொற்பட்டியலையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். பாணியும் தண்ணியும் தனித்தனியாக.